தோளில் துண்டோடு கொழும்புக்கு

கொழும்பில் கால் வைத்ததும் என்னை முதன்முதலாக "ஐயா" என்று கூப்பிட்டவன் ஒரு ரிக்‌ஷாக்காரன். பின்னாலிருந்து கூப்பிட்டான். அவன்மேல் தப்பில்லை. திருச்செந்தூரில் முடியிறக்கிய தலை அப்போதுதான் முள்முள்ளாக முளைத்துக்கொண்டிருந்தது. தோளில் என் வீட்டுக்காரரின் சிவப்புக்கரைத் துண்டு. தகரப்பெட்டியைக் கூலியாளிடம் கொடுக்காமல் நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். முன்னால் வந்து முகத்தைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். "ஏறட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். என் குரலைக் கேட்டதும் மறுபடியும் "ஏறுங்க ஐயா" என்றான். நான் திருத்தவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம். எனக்கு நாற்பது வயசுகூட நிறையவில்லை. தூத்துக்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தேன். வீட்டுக்காரர் போன பிறகு மண்டியை மூடச் சொன்னவர்கள் அநேகம் பேர். மூடவில்லை. எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். ஆனால் கருப்பட்டியைத் தொட்டாலே அதில் எவ்வளவு மண் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பயணத்தையும் நானே எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும்.

போன காரியம், மாப்பிள்ளை பார்க்க.

எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. வீட்டில் ஆம்பிளை இல்லாமல் போனால், மாப்பிள்ளை பார்க்கப் போகிற பெண்பிள்ளை அந்த ஆளின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போவாள். அவரே போன கணக்கு. மாப்பிள்ளையைப் பிடித்தால் துண்டை அந்த வீட்டில் வைத்துவிட்டு வெறுந்தோளோடு வர வேண்டும். பிடிக்காவிட்டால் துண்டோடு திரும்பிவிட வேண்டும். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் மரியாதை.

என் மகள் உலகம்மாள். கையும் காலும் பனைமரம் மாதிரி. குரல் என்னுடையதைவிடக் கனம். மேலுதட்டில் பூனைமயிர் கறுத்து, வெயிலில் நன்றாகத் தெரியும். மண்டியில் மூட்டை இறக்க ஆள் வராத நாளில் அவளே இறக்குவாள். ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அவளிடமே, "ஏ தம்பி, பொண்ணு வீடு எது?" என்று கேட்டார்கள். அவளும், "இதுதான், உள்ள போங்க" என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டாள். காப்பி குடிக்காமலே போனார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே. வயசு இருபதைத் தாண்டிவிட்டது. சாதிசனத்தில் கேட்க வேண்டிய இடமெல்லாம் கேட்டாகிவிட்டது. கடைசியாக வந்ததுதான் இந்தக் கொழும்பு இடம்.

புறப்படும்போது உலகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "துண்டோட திரும்பி வந்தாலும் எனக்கு ஒண்ணுமில்லம்மா. கப்பல்ல எங்கயாவது மறந்து வச்சிட்டு வந்துராத, அவ்வளவுதான்." சிரிப்பு வாயில் இருந்தது. கண்ணில் இல்லை. திருச்செந்தூரில் நான் முடியிறக்கியது அந்தக் கண்ணுக்காகத்தான்.

கொட்டாஞ்சேனையில் என் நாத்தனார் பொன்னு வீடு. துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற வேலை அவள் புருஷனுக்கு. ஒரு பக்கம் மாதா கோயில் மணி, ஒரு பக்கம் நம் கோயில் மணி, நடுவில் கப்பல் ஊதுகிற சத்தம். சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள். எங்கள் ஊரில் கடல் வாசம் என்றால் உப்பும் கருவாடும். இங்கே கடல் வாசத்தோடு நிலக்கரியும் கறுவாப்பட்டையும் சேர்ந்து வந்தது. அந்த வாசம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

பொன்னு என்னைப் பார்த்ததும் அழுதாள். அண்ணன் துண்டைப் பார்த்து அழுதிருக்கிறாள், என்னைப் பார்த்து இல்லை. அழுது முடித்து, "ஓம் மதினி, சாப்பிடுங்க" என்றாள். நான் சிரித்துவிட்டேன். "ஏளா, எப்போலேந்து ஓம் போட ஆரம்பிச்ச? யாகத்துக்கா உக்காந்திருக்க?" "இங்க அப்படித்தான் மதினி. ஆமான்னு சொன்னா தோணியில வந்தவளேன்னு சிரிக்காளுவ."

சாப்பாடு பாண். நம் ஊரில் காய்ச்சல்காரனுக்கு வாங்கித் தருகிற ரொட்டியை இங்கே நல்ல உடம்புக்காரனும் தின்கிறான். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பல், மாசிக் கருவாடு இடித்துப் போட்டது. உறைப்பு உச்சந்தலைக்கு ஏறியது. முடி இருந்திருந்தால் நட்டுக்கொண்டு நின்றிருக்கும். பிறகு பாலில்லாத தேயிலைத் தண்ணீர். சீனி போடாமல், ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கச் சொன்னாள். கித்துள் மரத்துக் கருப்பட்டி. நான் தொழில்காரி அல்லவா, முதலில் மோந்து பார்த்தேன், பிறகு விரலால் உடைத்தேன், பிறகுதான் வாயில் போட்டேன். புகைவாசம், இளக்கம். நம் பனங்கருப்பட்டியின் கம்பீரம் இல்லை. ஆனால் நாக்கில் வெகுநேரம் நின்றது. பொறாமையாக இருந்தது என்று இப்போது சொல்லலாம்.

சாப்பிட்டு முடித்ததும் பொன்னு பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"மதினி, ஒண்ணு சொல்லணும். பையன் தங்கம். சௌந்தரம்னு பேரு. படம் பிடிக்கிற கடையில வேல. படத்துல முகத்தைத் திருத்துவானாம், கலர் பூசுவானாம். குடிகிடி கிடையாது. ஆனா…"

"ஆனா என்னளா?"

"கொஞ்சம் பொம்பளைத்தனம்னு பேசுதாவ. தாயும் தகப்பனும் இல்ல. தங்கச்சி ரெண்டையும் இவன்தான் வளத்தான். அதுகளுக்குத் தலை பின்னி விடுவானாம். வாசல்ல கோலம் போடுவானாம். மீன் அறுக்கக்கூட உக்காருவானாம்."

அவள் அத்தோடு விடவில்லை. "அவங்க அதை நம்மட்ட சொல்ல மாட்டாங்க. நீங்களும் உலகைப் பத்தி வாயைத் தொறக்காதிய. நான் குடுத்த படத்துல அவ மகாலட்சுமி மாதிரி இருக்கா. அது போதும்."

அந்தப் படம் தூத்துக்குடியில் எடுத்தது. எங்கள் ஊர்ப் படக்காரர் உலகைத் தலை குனிய வைத்து, தோளைக் குறுக்கச் சொல்லி, தலை நிறையப் பூ வைத்து எடுத்தார். படம் வந்த பிறகு மெல்லிய தூரிகையால் மேலுதட்டில் வெள்ளை பூசினார். "கலியாணப் படத்துக்கு இது வழக்கம்தான்" என்றார். உலகு அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவ? நல்லா இருக்கா" என்றாள்.

மறுநாள் ஜிந்துப்பிட்டி முருகனிடம் போனோம். அங்கே கூட்டம் நம் ஊர்க் கூட்டம் போலவே இருந்தது. தேங்காய் உடைக்கிற சத்தம்கூட அதே சத்தம். என்ன வேண்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை ஆம்பிளையாக இருக்க வேண்டும் என்று வேண்டுவதா? இருக்கிற மாதிரி இருக்கட்டும், என் மகளை அழ வைக்காமல் இருந்தால் போதும் என்று வேண்டுவதா? கை கூப்பி நின்றேன். முருகன் தெரிந்து செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பும்போது டிராமில் ஏறினோம். மேலே கம்பியில் ஒரு கோல் உரசிக்கொண்டே வர, அந்த பலத்தில் வண்டி ஓடும். பாதி வழியில் கோல் கம்பியை விட்டு நழுவி, வண்டி நடுத்தெருவில் நின்றுவிட்டது. நடத்துநர் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்து, கோலைக் கம்பியில் மாட்டப் பார்க்கிறார், மாட்ட முடியவில்லை. காற்று பலமாக அடித்தது. ஆம்பிளைகள் எல்லாரும் உட்கார்ந்தபடியே யோசனை சொன்னார்கள். நான் இறங்கிப் போய்க் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு இழுப்பில் மாட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து ஒருவர், "சபாஷ் துரை!" என்றார். பொன்னு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இப்போது அந்த டிராமெல்லாம் இல்லை என்கிறார்கள். நான் இழுத்த கயிறு எந்தக் குப்பையில் கிடக்கிறதோ.

அதற்கு அடுத்த நாள் வெள்ளவத்தைக்குப் புறப்பட்டோம். கடற்கரையை ஒட்டியே ரயில் போகும். ஜன்னலில் கை நீட்டினால் அலை நனைத்துவிடும் போல இருந்தது. பெட்டியில் நல்ல நெரிசல். எல்லாம் ஆம்பிளைகள். ஒரு பலகையில் மட்டும் வயசான ஒரு அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கணுக்கால் வரை துணி, வழித்துச் சீவிய நரைமுடியில் பெரிய கொண்டை, அதன்மேல் வளைவாக ஓர் ஆமையோட்டுச் சீப்பு. பெண்பிள்ளை பக்கத்தில் இடம் கிடைத்ததே என்று, "அம்மா, கொஞ்சம் நகந்துக்கிடுங்க" என்று சொல்லி, இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா திரும்பினார். இரண்டு கன்னத்துக்கும் பாய்கிற வெள்ளை மீசை.

எனக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை. அவரோ என் தலையைப் பார்த்தார், தோள்துண்டைப் பார்த்தார், கையைக் கூப்பி, "வாடிவென்ட மஹத்தயா" என்றார்.

பொன்னு என் காதில், "உக்காருங்க ஐயாங்கிறார் மதினி" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர்ப்பலகை ஆள்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அந்தப் பெரியவருக்கு விஷயம் புரிந்தது. அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். பலகை குலுங்கியது ரயிலாலா சிரிப்பாலா என்று தெரியவில்லை.

அவரை எல்லாரும் அப்புஹாமி என்று கூப்பிட்டார்கள். பழைய சிங்களக் குடும்பத்து ஆம்பிளைகள் அப்படித்தான் கொண்டையும் சீப்பும் வைப்பார்களாம். பட்டணத்தில் அந்த வழக்கம் அருகிப்போய், அவர் மாதிரி வயசாளிகளிடம்தான் மிச்சம். அவருக்குக் கொச்சையாகக் கொஞ்சம் தமிழ் வரும். "எங்க போறது?" என்று கேட்டார். பொன்னு சந்தின் பெயரைச் சொன்னாள். "அது நம்ம தோட்டம் பக்கம்தானே, என்னோட வாங்க" என்றார்.

வெள்ளவத்தையில் இறங்கினால் காலடியில் கடல். தென்னந்தோப்புகளுக்கு நடுவே மணல் சந்து. தூரத்தில் நூல் ஆலைச் சங்கு ஊதியது. பெரியவர் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் சும்மா இருக்க மாட்டேன் அல்லவா, "சௌந்தரம்னு ஒரு பையன், ஆள் எப்படி?" என்று கேட்டேன்.

நின்றார். தலையிலிருந்த சீப்பைத் தொட்டுக் காட்டினார். "என் மகன் கவர்மெண்டு கந்தோர்ல பெரிய வேல. தலை வெள்ளக்காரன் மாதிரி வெட்டு. என் போட்டோ சுவர்ல மாட்டணும், ஆனா சீப்பு வேணாம் சொல்றான், வெக்கமாம். ஒரு கடையில சீப்பு அழிச்சுக் குடுத்தாங்க. மொட்டைக் கோழி மாதிரி நான்." அந்த நினைப்பிலேயே அவர் முகம் வாடிப்போனது. "இந்தப் பொடியன் அந்தப் போட்டோ வாங்கிப் போய், சீப்பு திரும்ப வரைஞ்சான். ஒரு பல்லு விடல. சல்லி வேணாம் சொன்னான்." வேலியைக் காட்டிவிட்டுத் தன் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

சின்ன ஓட்டு வீடு. வாசலில் கோலம் இருந்தது. கோடு ஒன்றுகூட நடுங்கவில்லை. சௌந்தரத்தின் அத்தை, அவன் தகப்பனாரின் அக்காள், ஓடிவந்து வரவேற்றாள். "வாங்கோ, வாங்கோ. இந்தக் கோலம் பெட்டையள் போட்டது" என்றாள், நான் கேட்காமலே.

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கழுத்துவரை பொத்தான் மாட்டிய கோட்டு. அந்தப் புழுக்கத்தில் வேர்த்து வடிந்தது. முகத்தில் பெரிய மீசை, இரண்டு பக்கமும் முறுக்கி. அய்யனார் கோயில் குதிரைவீரன் தோற்றான். தங்கச்சிமார் இருவரும் கதவுக்குப் பின்னால் நின்றார்கள்.

"தம்பிக்கு வேலையெல்லாம் எப்படி?"

"உம்."

"சம்பளம்?"

"காணும்." போதும் என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்களாம்.

"வீட்டுல ஒத்தாசை உண்டா?"

"ஆம்பிளைக்கு என்னத்துக்கு வீட்டு வேலை?" என்று தொண்டையை இறக்கிச் சொன்னான். சொல்லும்போது அத்தையைப் பார்த்துக்கொண்டான்.

பொன்னு என்னைப் பார்த்து நிம்மதியாகத் தலையாட்டினாள். ஊரார் பேச்சு பொய் என்று அர்த்தம். எனக்குத்தான் நிம்மதி வரவில்லை. பெண்தன்மை உள்ளவனாக இருப்பானோ என்று பயந்துகொண்டு வந்தவள் நான். இப்போது இந்த மீசையைப் பார்த்ததும் வேறு பயம் வந்தது. இவன் வீட்டில் உலகு எப்படிப் பேசுவாள்? எப்படி நடப்பாள்? ஆயுசுக்கும் அந்தப் படத்தில் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டே இருக்க வேண்டுமா? துண்டு தோளில் கனத்தது. திரும்பிப் போகிற ரயில் எப்போது என்று பொன்னுவிடம் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.

அதற்குள் உள்ளேயிருந்து தீய்கிற வாசம் வந்தது. மாப்பிள்ளையின் மூக்கு விடைத்தது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தான். அத்தை, "நீ இரு!" என்று கண்ணால் அதட்டிவிட்டு உள்ளே ஓடினாள். இடியப்பத்தோடும் சொதியோடும் வந்தாள். சொதி திரிந்து, பால் வேறு தண்ணீர் வேறாக நின்றது. பதற்றத்தில் கால் பாயில் தடுக்கியது. சொதி முழுவதும் என் தோளில்.

மஞ்சள் சொதி. வீட்டுக்காரர் துண்டில்.

"ஐயோ மாமி, சுட்டுதோ?" என்று ஒரு குரல் கேட்டது. மெல்லிய, இனிமையான குரல். யாரென்று பார்த்தால் மாப்பிள்ளை. ஒரே தாவில் வந்துவிட்டான். "கழட்டுங்கோ, கழட்டுங்கோ. மஞ்சள் காய முந்திக் கழுவோணும், பிறகு போகாது." துண்டை என் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிவிட்டான்.

எங்கள் முறையைப் பொன்னு முன்னமே சொல்லி வைத்திருந்தாள்; அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "எடேய், அந்தத் துண்டை நீ தொடக் கூடாதடா! அவையளாத் தரோணும்! முறை கெட்டுப் போச்சே!"

நான் பின்னாலேயே போனேன். கோட்டைக் கழற்றி வாழைமரத்தில் எறிந்திருந்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேசிக்காயை, நம் எலுமிச்சைதான், அறுத்துக் கறையில் தேய்த்தான். அடித்துத் துவைக்கவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி உள்ளங்கையில் வைத்துக் கசக்கினான். அலசி, முறுக்காமல் ஒற்றிப் பிழிந்து, உதறி, நான்கு முனையையும் இழுத்துவிட்டுக் கொடியில் போட்டான்.

அந்த உதறலில் எனக்கு வேறொரு கிணற்றடி கண்முன் வந்துவிட்டது. இந்தத் துண்டைத் தோளில் போட்ட நாளிலிருந்து, ஆம்பிளை அதிகாரத்தைச் சுமந்து வருவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் வீட்டுக்காரர் இதை வைத்து என்ன செய்தார்? நான் மண்டிக்குப் போய்விட, கைக்குழந்தை உலகை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இந்தத் துண்டால்தான் தலை துவட்டுவார். இதிலேயே சுற்றித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு தெருவில் நடப்பார். "என்னவே, பிள்ளை பெத்தது நீரா, ஒம்ம பொஞ்சாதியா?" என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். "பெத்தது அவ, வச்சிருக்கது நான்" என்று சொல்லிவிட்டு நடப்பார். பிறகு அலசி, இப்படியேதான் உதறி, இப்படியேதான் முனை இழுத்துக் காயப்போடுவார். இத்தனை வருஷம் அதை நான் எங்கே வைத்திருந்தேன்?

மாப்பிள்ளை நிமிர்ந்தான். வேர்வையும் கிணற்றுத் தண்ணீரும் பட்டு, ஒரு பக்க மீசை கரைந்து தாடைக்கு வழிந்திருந்தது. மறுபக்க மீசை முறுக்கு மாறாமல் நின்றது. தங்கச்சிமார் இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். "அண்ணா, மீசை!"

கையால் தடவிப் பார்த்தான். விரலெல்லாம் கறுப்பு. தலையைக் குனிந்துகொண்டான். "அத்தைதான் வரையச் சொன்னவ, மாமி. கடை மையாலதான் வரைஞ்சனான். எனக்கு இவ்வளவு வளராது."

என் மகளுக்கு அழித்த மீசையை இவனுக்கு வரைந்திருக்கிறார்கள். எனக்கு வந்த சிரிப்பைச் சொல்ல முடியாது. கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பயந்து தண்ணீர் மொண்டு கொடுத்தான்.

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னேன். பொன்னு பின்னாலிருந்து சேலையை இழுத்தாள், பொருட்படுத்தவில்லை. "தம்பி, நீ மறைச்சது தண்ணியில போயிட்டு. நான் மறைச்சதையும் கேட்டுக்கோ. அந்தப் படத்துல இருக்கது என் மக இல்ல. அவ பேசுனா கடைத்தெரு திரும்பும். மூட்டை தூக்குவா. சோறு வடிக்கச் சொன்னா கஞ்சியாக்கிருவா. அவ ஒதட்டுல…"

"தெரியும் மாமி" என்றான்.

உள்ளே போய்ப் படத்தைக் கொண்டுவந்தான். மரச்சட்டம் போட்டிருந்தது. வாங்கிப் பார்த்தேன். உலகு. பூவும் குனிந்த தலையும் அப்படியே இருந்தன. ஆனால் மேலுதட்டில் வெள்ளை இல்லை. பூனைமயிர் கறுத்துத் தெரிந்தது. அது தெரிந்ததும், குனிந்த கண்ணுக்குள் இருந்த குறும்பும் தெரிந்தது. மண்டி வாசலில் நிற்கிற என் மகள்.

அத்தை தலையில் கை வைத்தாள். "நல்ல படத்தைக் கெடுத்துப்போட்டான். நான் சொல்லச் சொல்லக் கேக்கேல்லை."

"கெடுக்கேல்லை அத்தை" என்றான். "பாத்த உடன விளங்கிச்சு, பூசியிருக்கெண்டு. பஞ்சை நனைச்சு ஒத்தி எடுத்தனான், மாமி. நாள் முழுக்கக் கடையில பூசிறன். பொம்பிளையளுக்கு அழிக்கிறன், ஆம்பிளையளுக்கு வரையிறன். வீட்டுக்கு வாற ஆளை எண்டாலும் உள்ளபடி பாக்கோணும் போல இருந்தது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "விசில் அடிப்பாவோ?" என்று கேட்டான்.

"அடிப்பா. ரெண்டு தெருவுக்குக் கேக்கும்."

"எனக்கு வராது" என்றான், ஏக்கமாக. "சோறு நான் வடிப்பன்."

அவனே மறுபடியும் சொதி வைத்தான். இந்த முறை அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தேங்காய்ப்பால் திரியாமல், தேசிக்காய்ப் புளி நாக்கின் ஓரத்தில் மட்டும் தெரிகிற சொதி. அதற்குப் பிறகு எத்தனையோ சொதி சாப்பிட்டுவிட்டேன். அந்தப் பதம் எங்கேயும் கிடைக்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கடல் பக்கமிருந்து மழை இறங்கியது. எங்கள் ஊர் மழை வருவதற்கு முன்னால் பத்து முறை யோசிக்கும். இது கேட்காமல் வந்துவிட்டது. தங்கச்சிமார் ஓடிப்போய்த் துண்டை எடுத்துத் தாழ்வாரக் கொடியில் போட்டார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. எல்லாரும் எழுந்து நின்றோம். அத்தை கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சௌந்தரம் கொடியைப் பார்க்கவேயில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாதி மீசை இன்னும் முகத்தில் இருந்தது. பொன்னு மெல்ல, "மதினி, ஈரமா இருந்தாலும் மடிச்சு எடுத்துக்கிடுவமா? முறை இருக்கே…" என்றாள்.

போய்த் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. கறை போயே போய்விட்டது. கரைச் சிவப்பு அப்படியே இருந்தது.

"காயட்டும்" என்றேன்.

அத்தை அழ ஆரம்பித்தாள். அவன் நிமிர்ந்து, "மாமி, குடை இல்லாமல் போகாதேங்கோ" என்று குடையை எடுத்துக்கொண்டு வந்தான். ஸ்டேஷன் வரைக்கும் என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டே வந்தான். வேலி ஓரம் அப்புஹாமி நின்றிருந்தார். என் வெறுந்தோளைப் பார்த்தார். அவருக்கு எங்கள் முறை தெரியாது. ஆனாலும் சீப்பு வைத்த தலையைக் குனிந்து, "ஹொந்தாய்" என்றார். நல்லது என்று அர்த்தமாம். இந்த முறை மஹத்தயா என்றும் சொல்லவில்லை, பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிற நோனா என்றும் சொல்லவில்லை.

கப்பல் தூத்துக்குடியை நெருங்கியபோது நல்ல வெயில். நடுக்கடலிலிருந்து எங்களைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். படகுத்துறையில் மூட்டைக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவே, அவர்களைவிட அரைச்சாண் உயரமாக உலகு நின்றாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. தோளைத்தான் பார்த்தாள்.

"துண்டு எங்கம்மா?" அவள் கேட்டது அத்தனை படகுக்கும் கேட்டது.

"வெள்ளவத்தையில காயுது!" என்று நானும் அதே சத்தத்தில் கத்தினேன்.

புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தாள் ஒரு விசில். காக்கை எல்லாம் பறந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செட்டியார் திடுக்கிட்டு, "யாரு அந்தப் பய? இந்தப் போடு போடுதான்!" என்றார்.

நான் திருத்தவில்லை.